வீட்டிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு விபிஎன் போகவில்லையா? பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமமூர்த்தி நகரிலோ அல்சூரிலோ வீடு, எலக்ட்ரானிக் சிட்டியிலோ அவுட்டர் ரிங் ரோட்டிலோ ஆபீஸ் என்று இருக்கிறவர்களுக்கு, மழை பெய்து சில்க் போர்டு சந்திப்பில் போக்குவரத்து நின்றுபோகும் நாளில்தான் விபிஎன்னின் (வீட்டிலிருந்தே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போக உதவும் பாதுகாப்பான இணைப்பு) அருமை தெரியும். அன்றைக்குப் பார்த்துத்தான் அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

இங்கே இரண்டு வகையானவர்களின் கேள்விகள் கலந்திருக்கின்றன. தனி ஐடி பிரிவு உள்ள பெரிய கம்பெனியில் இருப்பவர்கள் ஒரு வகை. பீன்யா ஒர்க்‌ஷாப், சிக்பேட்டை மொத்தக் கடை, ஆடிட்டர் ஆபீஸ் என்று தாங்களே ரூட்டர் வாங்கித் தாங்களே விபிஎன் போட்டுக்கொண்டவர்கள் இன்னொரு வகை. பதில்கள் விண்டோஸை வைத்துச் சொல்லப்பட்டவை. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

விபிஎன் கனெக்ட் ஆகவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள். விபிஎன் என்பது ஒரே அடியில் நடக்கிற காரியம் இல்லை. வீட்டு நெட் வேலை செய்ய வேண்டும். அதன் வழியாக ஆபீஸின் விபிஎன் சர்வர் வரை எட்ட வேண்டும். அந்த சர்வர் நீங்கள் யாரென்று ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளே போனபிறகு உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் பதில் சொல்ல வேண்டும். இந்த நான்கில் எது தவறினாலும் "விபிஎன் வேலை செய்யலை" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு.

அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சாதாரண இணையதளமே திறக்கவில்லை என்றால் சிக்கல் வீட்டு நெட்டில். தளங்கள் திறக்கின்றன, ஆனால் விபிஎன் "கனெக்டிங்" என்று அரை நிமிடம் சுற்றிவிட்டு விழுகிறது என்றால் சர்வரையே எட்டவில்லை. பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தபின் மறுத்தது என்றால் எட்டிவிட்டது, ஆளை ஏற்கவில்லை. "கனெக்டட்" என்று காட்டியும் ஆபீஸ் கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்றால் விபிஎன் தன் வேலையைச் செய்துவிட்டது, பழுது அதற்கு அப்பால்.

இதைப் பார்க்காமல் விபிஎன் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் வேலை. தயவுசெய்து வேண்டாம். அதோடு சேர்ந்து கம்பெனி கொடுத்த சர்டிஃபிகேட்டும் (டிஜிட்டல் அடையாளச் சான்று) புரொஃபைலும் (இணைப்பு விவரங்கள்) போய்விட்டால், அரை மணி நேரப் பிரச்சினை அரை நாள் பிரச்சினை ஆகிவிடும்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் கனெக்ட் ஆகிறது, வீட்டு ஃபைபரில் ஆகவில்லை. ஃபைபர் கம்பெனிதானே காரணம்?

இருக்கலாம். ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பார்த்தது சரியான சோதனை. லேப்டாப்பும் பாஸ்வேர்டும் ஆபீஸ் சர்வரும் நன்றாக இருக்கின்றன என்று ஒரே அடியில் நிரூபித்துவிட்டீர்கள். மிச்சம் இருப்பது வீட்டு ரூட்டரும் அதற்குப் பின்னால் உள்ள லைனும்.

ஒவ்வொரு விபிஎன் வகைக்கும் போர்ட் என்கிற தனி வாசல் உண்டு. யுடிபி, டிசிபி என்பவை தகவலை அனுப்பும் இரண்டு முறைகள். ஐபிசெக், ஐகேஇவி2 வகையெல்லாம் யுடிபி 500, 4500 ஆகிய போர்ட்டுகளில் போகும். ஓப்பன்விபிஎன் வழக்கமாக யுடிபி 1194. ஒயர்கார்டு வழக்கமாக 51820. பழைய பிபிடிபி டிசிபி 1723-ஐயும் ஜிஆர்இ என்ற தனி நெறிமுறையையும் நம்பி நிற்கும். இந்த ஜிஆர்இயைப் பல ரூட்டர்கள் தாண்டவிடுவதில்லை. வீட்டு ரூட்டரின் ஃபயர்வால் (தடுப்பு மென்பொருள்) இவற்றில் ஒன்றைத் தடுத்தாலும் பிரவுசர் மட்டும் நன்றாக ஓடும், விபிஎன் நிற்கும். ரூட்டருக்குள் போய் விபிஎன் பாஸ்த்ரூ என்ற இடத்தில் ஐபிசெக், எல்2டிபி (இன்னொரு விபிஎன் வகை) இரண்டும் இயக்கத்தில் உள்ளனவா என்று பாருங்கள். ரூட்டரை ஒருமுறை பவர் எடுத்துவிட்டுப் போடுவதும் வீண் இல்லை. பழைய இணைப்புகளின் கணக்கு உள்ளே அடைத்துக்கொண்டிருந்தால் அது துடைக்கப்பட்டுவிடும். ஆபீஸ் விபிஎன்னில் டிசிபி 443 வழியாகப் போகும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அது எல்லா இணையதளங்களும் போகிற வாசல் என்பதால் யாரும் அடைத்து வைப்பதில்லை. வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஆனால் ஃபைபர்காரரைத் திட்டுவதற்கு முன் ஒன்று. ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: ஹாட்ஸ்பாட் உங்கள் லேப்டாப்புக்கு வேறு ஐபி (நெட்வொர்க் முகவரி) வரிசையைத் தருகிறது. "கனெக்டட்" என்று காட்டியும் ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் திறக்காத ஆள் நீங்கள் என்றால் அடுத்த கேள்விதான் உங்களுக்கானது.

கனெக்டட் என்று பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் 192.168.1.20 என்ற ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. ஏன்?

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. உங்கள் வீட்டு ரூட்டரின் முகவரி என்ன? 192.168.1.1 தானே?

10-இல் தொடங்கும் முகவரிகள், 172.16 முதல் 172.31 வரை, 192.168-இல் தொடங்குபவை ஆகிய மூன்று கூட்டமும் தனிப்பட்ட உபயோகத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை. யாரும் யாரிடமும் கேட்காமல் வைத்துக்கொள்ளலாம். அதனால் உலகம் முழுக்க லட்சக்கணக்கான ரூட்டர்கள் பெட்டியிலிருந்து வெளியே வரும்போதே 192.168.1 அல்லது 192.168.0 என்ற வரிசையோடு வருகின்றன. உங்கள் வீட்டில் ஒன்று, மாமாவின் பீன்யா ஒர்க்‌ஷாப்பில் ஒன்று.

பெங்களூரில் இதைப் புரியவைப்பது சுலபம். "3வது மெயின், 5வது கிராஸ்" என்ற முகவரி ஜெயநகரிலும் உண்டு, இந்திரா நகரிலும் உண்டு, எச்எஸ்ஆர் லேஅவுட்டிலும் உண்டு. ஏரியா பெயர் சொல்லாமல் ஆட்டோவில் ஏறினால் நீங்கள் நிற்கிற ஏரியாவின் 5வது கிராஸில்தான் இறக்கிவிடுவார். விண்டோஸும் அதையேதான் செய்கிறது. 192.168.1.20 என்று கேட்டதும், "இது நம்ம வீட்டு வரிசைதானே" என்று வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. விபிஎன் பக்கமே திரும்புவதில்லை. வீட்டில் அந்த எண்ணில் ஒரு பிரிண்டர் இருந்துவிட்டால் வேடிக்கை இன்னும் கூடும்: ஆபீஸ் கம்ப்யூட்டரைக் கேட்டால் வீட்டுப் பிரிண்டரின் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும்.

உறுதிப்படுத்த, விபிஎன் போடாமல் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் என்று தட்டி உங்கள் வீட்டு ஐபியின் முதல் மூன்று எண்களைப் பாருங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஐபியிலும் அதே மூன்று எண்கள் என்றால் மோதல் அதுவேதான்.

தீர்வு: இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும். பெரிய கம்பெனி என்றால் வீட்டை மாற்றுவதுதான் நடக்கிற காரியம். ரூட்டரின் லேன் (வீட்டு உள் நெட்வொர்க்) செட்டிங்ஸில் போய் 192.168.1.1 என்பதை 192.168.87.1 என்பதுபோல யாரும் எளிதில் நினைக்காத எண்ணாக மாற்றிச் சேமியுங்கள். நெட் ஒரு நிமிடம் போய் வரும். போனும் லேப்டாப்பும் தானாகப் புது ஐபி எடுத்துக்கொள்ளும். நிலையான ஐபி வைத்த பிரிண்டர், சிசிடிவி டிவிஆர் போன்றவற்றுக்கு மட்டும் கையால் மாற்ற வேண்டும். ஃபைபர் கம்பெனி கொடுத்த ரூட்டரின் பாஸ்வேர்டு உங்களிடம் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் கம்ப்யூட்டர் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் ஒரு சாதாரண ரூட்டர் வாங்கி அதன் பின்னால் மாட்டி, அதில் வேறு வரிசையை வைத்துக்கொள்ளலாம். ஜியோ ஃபைபர் ரூட்டர்கள் 192.168.29 என்ற வரிசையோடு வருவதால் அந்த வீடுகளில் இந்த மோதல் அபூர்வம்.

சொந்த ஆபீஸ் என்றால் ஆபீஸ் பக்கத்தை மாற்றுவதே நல்லது. இல்லாவிட்டால் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரின் வீட்டு ரூட்டரையும் மாற்றிக்கொண்டிருக்க நேரும். 10.87.40 போல ஏதாவது ஒன்றை வையுங்கள். 10.0.0 வேண்டாம், அதையும் எல்லோரும் வைத்திருக்கிறார்கள்.

சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ரூட்டர் வரிசை வேறாக இருந்தும் இதே நோய் வருகிறது என்றால் டாக்கரைப் பாருங்கள். அது தன் உள் நெட்வொர்க்குக்கு 172.17 என்ற வரிசையை எடுத்துக்கொள்ளும். ஆபீஸிலும் 172.17 இருந்தால் அதே கதை.

809, 789, 691 என்று எண் மட்டும் காட்டுகிறது. என்ன அர்த்தம்?

இவை விண்டோஸில் உள்ள விபிஎன்னைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வருபவை. திட்டுவதற்கு முன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை அதுவே சொல்லிவிடும்.

868 என்றால் சர்வரின் பெயரையே ஐபியாக மாற்ற முடியவில்லை. பெயரைத் தவறாகத் தட்டியிருக்கலாம், டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றித் தரும் சேவை) பழுதாக இருக்கலாம். 809 என்றால் பெயர் கிடைத்தது, சர்வரிடமிருந்து பதில் இல்லை. வழியில் ஒரு ஃபயர்வால் அடைக்கிறது, அல்லது இரு பக்கமும் ரூட்டருக்குப் பின்னால் இருப்பதால் எல்2டிபி தடுமாறுகிறது. இந்த இரண்டாவது காரணத்துக்கு ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றும் வைத்தியம் மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. அதை உங்கள் ஐடி ஆளிடம் விட்டுவிடுங்கள். 789 வந்தால் எல்2டிபியின் பாதுகாப்புப் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது என்று பொருள், பெரும்பாலும் முன்பகிர்ந்த ரகசியச் சாவி தவறு. 13801 சர்டிஃபிகேட் கோளாறு. 691 வந்தால் சந்தோஷப்படுங்கள்: பாதை முழுக்கச் சரி, பெயரோ பாஸ்வேர்டோதான் தவறு.

எதையுமே தொடாமல் நேற்று வரை ஓடியது இன்று விழுந்தால் விண்டோஸ் அப்டேட்டையும் சந்தேகியுங்கள். 2022 ஜனவரியில் வந்த பாதுகாப்பு அப்டேட் எல்2டிபி இணைப்புகளை உலகம் முழுக்க உடைத்தது. சில நாட்களில் அதைச் சரிசெய்ய அவசரமாக இன்னொரு அப்டேட் விட்டார்கள். அந்த இடைவெளியில் ரூட்டரை மாற்றியவர்கள் உண்டு.

பாஸ்வேர்டு சரிதான், ஓடிபி போட்டால் தவறு என்கிறது.

ஆத்தென்டிகேட்டர் செயலியில் வரும் ஆறு இலக்க எண் நேரத்தைக் கொண்டு கணக்கிடப்படுவது; பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். போனின் கடிகாரம் ஓரிரு நிமிடம் பிசகினாலும் எண் தவறிவிடும். போன் செட்டிங்ஸில் தேதியும் நேரமும் தானாக அமையும்படி வையுங்கள்.

கடிகாரமும் சரி என்றால் பாஸ்வேர்டின் ஆயுள் முடிந்திருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு: கம்பெனியில் பாஸ்வேர்டு காலாவதியாகிவிடும், ஆனால் லேப்டாப் பழைய பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே விடும். "லேப்டாப்புக்குள் போக முடிகிறதே" என்று நாம் அடித்துச் சொல்வோம். விபிஎன் சர்வருக்கோ அந்தப் பாஸ்வேர்டு செல்லாது. அதற்குள் பலமுறை தட்டிப் பார்த்திருந்தால் கணக்கே பூட்டப்பட்டிருக்கும். அப்போது ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிடுவதைத் தவிர வழியில்லை.

ஐபி மோதல் இல்லை, விபிஎன்னும் கனெக்டட். இருந்தும் ரிமோட் டெஸ்க்டாப் (தூரத்திலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டரின் திரையை இயக்கும் வசதி) திறக்கவில்லை.

முதல் சந்தேகம்: அந்தக் கம்ப்யூட்டர் தூங்குகிறது. விண்டோஸ் சும்மா இருக்கும்போது ஸ்லீப்புக்குப் போய்விடும், தூங்குகிற கம்ப்யூட்டர் ரிமோட் டெஸ்க்டாப்புக்குப் பதில் சொல்லாது. ஆபீஸில் இருக்கும்போதே பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை "ஒருபோதும் வேண்டாம்" என்று வைத்துவிட்டு வாருங்கள். தூரத்திலிருந்து எழுப்பும் வசதி ஒன்று உண்டு என்று படித்திருப்பீர்கள். அந்த எழுப்பும் பாக்கெட் சாதாரணமாக விபிஎன்னைத் தாண்டி உள்ளே போகாது. ஆபீஸிலேயே விழித்திருக்கும் இன்னொரு சாதனத்திலிருந்துதான் அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, பெஸ்காம், அதாவது மின்சாரம். ஆபீஸில் கரண்ட் போய் வந்திருந்தால் டெஸ்க்டாப் அணைந்தே கிடக்கும். பயாஸ் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருள்) செட்டிங்ஸில், கரண்ட் திரும்பியதும் தானாக இயங்கும்படி வைக்க ஓர் இடம் இருக்கிறது. யாரும் தொடாத அந்த ஒரு செட்டிங் பல திங்கள்கிழமைகளைக் காப்பாற்றும்.

புதன்கிழமை காலையில் இந்தத் தொல்லை என்றால் தேதியைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று பாதுகாப்பு அப்டேட்டுகளை வெளியிடும். அமெரிக்க நேரம் என்பதால் நமக்கு அது செவ்வாய் இரவுக்கு மேல். அப்டேட் முடிந்து கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, பிட்லாக்கர் (டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் அதன் பின் நம்பரைக் கேட்டுக்கொண்டு யாருக்காகவோ காத்து நிற்கலாம். அங்கே யாராவது நேரில் போய்த்தான் தட்ட வேண்டும்.

இதெல்லாம் இல்லை என்றால் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளையோடு ஆபீஸ் ஐபியையும் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட்டான 3389 என்பதையும் கொடுத்துப் பாருங்கள். கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் பாதை திறந்திருக்கிறது, உங்களுக்கு அந்தக் கம்ப்யூட்டரில் நுழைய அனுமதி உண்டா என்று பாருங்கள். ஃபால்ஸ் என்றால் ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஃபயர்வாலோ விபிஎன் சர்வரின் விதியோ தடுக்கிறது. வெறும் பிங்கை (எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) மட்டும் நம்ப வேண்டாம். பல இடங்களில் பிங்குக்குப் பதில் சொல்லக்கூடாது என்றே வைத்திருப்பார்கள்.

சின்ன ஆபீஸ்களுக்கு இன்னொன்று: விண்டோஸ் ஹோம் பதிப்பு வெளியிலிருந்து வரும் ரிமோட் டெஸ்க்டாப்பை ஏற்காது. புரோ பதிப்பு வேண்டும். இதைத் தெரியாமல் நாள்கணக்கில் விபிஎன்னைக் குறை சொல்கிறவர்கள் நிறைய.

ஐபி கொடுத்தால் திறக்கிறது, கம்ப்யூட்டர் பெயர் கொடுத்தால் திறக்கவில்லை.

டிஎன்எஸ் பிரச்சினை. ஆபீஸ் பெயர்கள் ஆபீஸ் டிஎன்எஸ்ஸுக்கு மட்டும்தான் தெரியும். உங்கள் லேப்டாப் வீட்டு ரூட்டரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது. பெயரோடு கம்பெனியின் டொமைனையும் சேர்த்து முழுதாகக் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், விபிஎன் ஐபிவி4 (பழைய வகை ஐபி) பாதையை மட்டும் எடுத்துக்கொண்டு, பெயர் விசாரணைகள் வீட்டு ஐபிவி6 (புதிய வகை ஐபி) வழியாக நழுவுகின்றனவா என்று ஐடி பிரிவிடம் கேளுங்கள். ஐபியை மனப்பாடம் செய்துகொண்டு ஓட்டுவது நிரந்தரத் தீர்வு இல்லை. டிஹெச்சிபி (தானாக ஐபி வழங்கும் வசதி) என்றைக்காவது அந்த ஐபியை மாற்றிவிடும்.

கனெக்ட் ஆகிறது, சாட் வருகிறது. பெரிய ஃபைலையோ சில பக்கங்களையோ திறந்தால் அப்படியே உறைந்துவிடுகிறது.

பாக்கெட்டின் (நெட்டில் போகும் தகவல் துண்டு) அளவுதான் காரணம். சாதாரண நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். வீட்டு லைன் பிபிபிஓஇ (ரூட்டரில் யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும்) வகை என்றால் 1492தான். அதன்மேல் விபிஎன் தன் உறையைப் போர்த்துகிறது, உள்ளே இடம் இன்னும் குறைகிறது. ஒயர்கார்டு தானாகவே 1420 என்று எடுத்துக்கொள்வது இதனால்தான். அளவு பொருந்தாதபோது சின்ன பாக்கெட்டுகள் போகும், பெரியவை சத்தமில்லாமல் தொலையும். சாட் ஓடும், எக்ஸெல் நிற்கும்.

சோதிக்க, விபிஎன் போட்ட நிலையில் பிங் கட்டளையோடு உடைக்காதே என்று சொல்லும் -எஃப் குறியையும் -எல் குறிக்குப் பின் ஓர் எண்ணையும் சேர்த்து ஆபீஸ் ஐபிக்கு அனுப்புங்கள். 1372-இல் தொடங்கி, பதில் வரும்வரை குறைத்துக்கொண்டே போங்கள். பதில் வந்த மிகப்பெரிய எண்ணோடு 28 கூட்டினால் உங்கள் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) கிடைக்கும். அதை விபிஎன் அடாப்டரில் வைக்க வேண்டும். கம்பெனி லேப்டாப்பில் அதற்கு உங்களுக்கு அனுமதி இருக்காது; எண்ணை மட்டும் ஐடி பிரிவுக்கு எழுதி அனுப்புங்கள், மதிப்பார்கள்.

அடிக்கடி துண்டிக்கிறது.

கடிகாரத்தைப் பாருங்கள். ஒரே கால இடைவெளியில் துண்டித்தால் அது ஏதோ ஒரு டைமர்: கம்பெனி வைத்த நேர வரம்பு, அல்லது சும்மா இருக்கும் இணைப்பை ரூட்டர் மறந்துவிடுவது. இரண்டாவதற்குக் கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று அவ்வப்போது சொல்லும்) என்ற செட்டிங் உண்டு. ஒயர்கார்டில் 25 விநாடி என்று வைப்பது வழக்கம். இடைவெளி கன்னாபின்னாவென்று இருந்தால் லைனோ வைஃபையோ கரண்டோ. ரூட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள். பெங்களூர் கரண்டுக்கு விபிஎன் வல்லுநரைவிட அது அதிகம் உதவும்.

பிடிஎம் லேஅவுட்டில் பிஜியில் (பணம் கட்டித் தங்கும் விடுதி) இருக்கிறேன். அங்கே வைஃபையில் எதுவுமே நிலையாக இல்லை.

பிஜியில் ஒரு லைனை எத்தனையோ பேர் பிரித்துக்கொள்கிறார்கள், ரூட்டருக்குப் பின் ரூட்டர் மாட்டியிருப்பார்கள். வெளியே போகும் விபிஎன்னுக்கு அது பொதுவாகத் தடையில்லை. ஆனால் லாகின் பக்கம் கேட்கும் வைஃபை என்றால் முதலில் பிரவுசரில் அதை முடித்துவிட்டுத்தான் விபிஎன் போட வேண்டும். இரவு எட்டு மணி நெரிசலுக்கு மருந்தில்லை, மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். படம் பார்ப்பதற்காகப் போட்ட இன்னொரு விபிஎன் செயலி லேப்டாப்பில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். இரண்டு விபிஎன் ஒரே நேரத்தில் ஒத்துப்போவது அரிது.

தலைகீழாக, ஆபீஸிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வர வேண்டும். வீட்டில் விபிஎன் சர்வர் போட்டும் வெளியிலிருந்து எட்டவே முடியவில்லை.

ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி (ரூட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்த ஐபி) என்று ஒன்று இருக்கும். "என் ஐபி என்ன" என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் தெரியும் ஐபியோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு என்றால், அதிலும் வேன் ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால், உங்களுக்கென்று பொது ஐபி கிடையாது. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். போதாமல் போனதால் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கிறார்கள். அதற்கென்றே 2012-இல் இந்த 100.64 வரிசையை ஒதுக்கினார்கள். இந்த ஏற்பாட்டில் நீங்கள் வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. வீட்டு ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை.

கஸ்டமர் கேரில் "நெட் வரலை" என்று சொல்லாதீர்கள், ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். "பப்ளிக் ஸ்டாட்டிக் ஐபி வேண்டும்" என்று இதே சொற்களில் கேளுங்கள். பல நிறுவனங்கள் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு தருகின்றன. இல்லையென்றால் டெயில்ஸ்கேல், ஜீரோடியர் போன்ற செயலிகள் இரு பக்கமிருந்தும் வெளியே போய் நடுவில் சந்திப்பதால் பொது ஐபி இல்லாமலே ஓடும். ஆனால் கம்பெனி லேப்டாப்பில் கேட்காமல் அவற்றைப் போடாதீர்கள், வேலைக்கே உலை வைக்கிற விஷயம்.

விபிஎன் தொல்லையே வேண்டாம் என்று 3389 போர்ட்டை நேராகத் திறந்துவிடலாமா? கடைக்கு வந்த ஹார்டுவேர் தம்பி அப்படித்தான் சொன்னார்.

வேண்டவே வேண்டாம். 2019-இல் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே வரக்கூடிய ஓட்டை. எப்போதோ கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால் எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று பாருங்கள். திறந்த 3389-ஐத் தேடிக்கொண்டு தானியங்கி மென்பொருள்கள் இணையம் முழுக்க எப்போதும் அலைகின்றன. உங்கள் டேலி மென்பொருளில் உள்ள கணக்கு முழுவதும் ஒரே இரவில் பூட்டப்பட்டு, பணம் கேட்கும் சீட்டு ஒன்று திரையில் நிற்கும்.

டேலி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் உள்ள டேலி ஃபோல்டரை விபிஎன் வழியாக வீட்டு டேலியில் திறக்காதீர்கள். ஊர்ந்து போகும், நடுவில் விபிஎன் அறுந்தால் டேட்டாவும் கெடலாம். ரிமோட் டெஸ்க்டாப்பில் போய் அங்கேயே ஓட்டுங்கள். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 20-ஆம் தேதி ராத்திரியில் பரிசோதனை வேண்டாம்.

எங்கள் ஆபீஸில் இன்னும் பிபிடிபிதான். ஓடுகிறதே, மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள். அதன் பாஸ்வேர்டுப் பாதுகாப்பை உடைக்கலாம் என்று 2012-லேயே மேடை போட்டுக் காட்டிவிட்டார்கள். 2016-இல் ஆப்பிள் தன் கருவிகளிலிருந்து அதை எடுத்துவிட்டது. 2024-இல் மைக்ரோசாஃப்ட், வருங்கால விண்டோஸ் சர்வர்களில் பிபிடிபியும் எல்2டிபியும் கைவிடப்படும் என்று அறிவித்துவிட்டது. புதிதாகப் போடுவதென்றால் ஒயர்கார்டோ ஐகேஇவி2-வோ போடுங்கள்.

விபிஎன் பயன்படுத்துவது இந்தியாவில் சட்டப்படி சரியா? 2022-இல் ஏதோ தடை வந்ததே?

தடை இல்லை. 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) ஓர் உத்தரவு போட்டது. பொதுமக்களுக்கு விபிஎன் விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. அதை ஏற்காத சில வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக்கொண்டு போயின. கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்காக நடத்தும் விபிஎன்னுக்கு அந்த விதி பொருந்தாது என்று அடுத்த மாதமே விளக்கமும் தந்துவிட்டார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் அங்கிருந்து வேலை பார்க்கலாமா?

தொழில்நுட்பத்தில் தடையில்லை, ஓசூர் தாண்டினால் விபிஎன் நின்றுவிடாது. மேனேஜர் அனுமதி உங்கள் பாடு. கிளம்புவதற்கு முன் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை கனெக்ட் செய்து பாருங்கள். அத்தை வீட்டு ரூட்டர் என்ன வரிசை வைத்திருக்கிறது என்பது போனபிறகுதான் தெரியும். மோதினால் அதையும் மாற்றிவிட்டு வராமல் ஹாட்ஸ்பாட்டிலேயே ஓட்டுங்கள். இலங்கை, சிங்கப்பூர் என்று வெளிநாடு போகிறீர்கள் என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல கம்பெனிகள் வெளிநாட்டு லாகினைத் தானாகவே தடுத்துவிடும்.

ஹெல்ப்டெஸ்க்கில் டிக்கெட் போட்டால் நாள்கணக்கில் பதில் இல்லை. எப்படி எழுதுவது?

"விபிஎன் நாட் ஒர்க்கிங், அர்ஜென்ட்" என்று எழுதினால் வரிசையில் கடைசிக்குத்தான் போகும், ஏனென்றால் அதைப் படிக்கிறவர் திரும்ப ஐந்து கேள்வி கேட்டாக வேண்டும். அந்த ஐந்தையும் நீங்களே எழுதிவிடுங்கள். எத்தனை மணிக்கு நடந்தது. திரையில் வந்த எண்ணும் வாசகமும் அப்படியே, முடிந்தால் ஸ்கிரீன்ஷாட். வீட்டு நெட் எந்த நிறுவனம். ஹாட்ஸ்பாட்டில் போட்டால் என்ன ஆகிறது. கடைசியாக எப்போது ஒழுங்காக ஓடியது, அதற்குப்பின் என்ன மாறியது. நேரத்தை நிமிடம் வரை எழுதுங்கள், சர்வர் லாகில் உங்கள் முயற்சியைத் தேடிப் பிடிக்க அது ஒன்றுதான் பிடி. அந்த நேரத்தில் சர்வருக்கு உங்கள் பெயரே வந்து சேரவில்லை என்றால் பழுது பெரும்பாலும் உங்கள் பக்கமோ வழியிலோ. வந்து மறுக்கப்பட்டிருந்தால் பாதை சரி, பெயர், பாஸ்வேர்டு, கணக்கு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓடிபியையும் பாஸ்வேர்டையும் மட்டும் டிக்கெட்டில் எழுதாதீர்கள், கேட்டாலும் கொடுக்காதீர்கள்.